பயிற்றுநர் அருகில் இருந்தால் வருகிறது, இறங்கிவிட்டால் வரவில்லை: லாரி ஓட்டப் பயில்வோரின் அனுபவங்கள்

புதுச்சக்கரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிரெய்லர் இணைத்த கனரக லாரியை ஓட்டுவதற்கான பயிற்சியில் சேர்ந்து எனக்கு இது மூன்றாவது மாதம். எனக்கென்று ஒரு பயிற்றுநரை ஒதுக்கியிருக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாட்கள் அவர் என் அருகில் அமர்ந்து கற்றுக்கொடுக்கிறார். பொறுமையானவர், ஒருமுறைகூட என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. ஆகவே அவரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு என்ன நேர்கிறது என்று புரிந்துகொள்ளவே எழுதுகிறேன்.

சரக்கேற்றும் மேடைக்கு டிரெய்லரை ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்தும் பயிற்சியில், அவர் பக்கத்தில் இருந்து “இப்போது ஒடியுங்கள், போதும், நேராக்குங்கள், அப்படியே விடுங்கள்” என்று சொல்லிக்கொண்டே வந்தால், பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே மேடைக்கு நேராக நிறுத்திவிடுகிறேன். போன வாரம் அவர் கீழே இறங்கி யார்டின் ஓரத்தில் நின்றுகொண்டு, “இனி நீங்களே செய்யுங்கள்” என்றார். ஆறு முறை முயன்றேன். ஆறு முறையும் டிரெய்லர் ஒரு பக்கமாக மடிந்து, மேடைக்குக் குறுக்கே நின்றது. கடைசி முறை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதே மறந்துபோய், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சில நொடிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாதமாக நான் கற்றுக்கொண்டது லாரி ஓட்டுவதையா, அவருடைய குரலுக்குக் கீழ்ப்படிவதையா என்ற ஐயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்ததா? பயிற்றுநரின் துணையோடு ஓட்டுவதிலிருந்து தனியாக ஓட்டுவதற்கு எப்படிக் கடந்து வந்தீர்கள்?


இரவுப்பயணி எழுதியது:

உங்கள் பதிவைப் படித்ததும் ஓராண்டுக்கு முந்தைய என்னையே பார்த்ததுபோல் இருந்தது. எனக்கும் இதே மேடை, இதே மடிப்பு. என்னை அதிலிருந்து வெளியே கொண்டுவந்த இரண்டு செய்திகளை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, கையை வைக்கும் இடம். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் டிரெய்லரின் வால் போகும். மேலே பிடித்துக்கொண்டு “வால் வலது பக்கம் போக இடது பக்கம் ஒடிக்க வேண்டும்” என்று ஒவ்வொரு முறையும் தலைகீழாக யோசிக்கும் சுமை இதனால் இறங்கிவிடும்.

இரண்டாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். என் பயிற்றுநர் ஒருநாள், “இன்று நான் பேசப்போவதில்லை, நீங்கள் பேசுங்கள்” என்றார். கண்ணாடியில் எதைப் பார்க்கிறேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன், ஏன் செய்கிறேன் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். முதல் நாள் நாக்குக் குழறியது. ஆனால் அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகுதான், நான் டிரெய்லரின் பின்சக்கரங்களைப் பார்க்காமல் அதன் பக்கச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இருவருக்கும் தெரிந்தது. டிரெய்லர் திரும்பும் மையம் பின்சக்கரங்களில் இருக்கிறது. அவை போகுமிடத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்தாலும் நாம் தாமதமாகத்தான் திருத்துவோம். மூன்று மாதமாக அவர் சரியான நேரத்தில் “போதும்” என்று சொல்லி என் பிழையை மூடிக்கொண்டே வந்திருக்கிறார். அது பிழை என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.


இருபதாண்டுப்பாதை எழுதியது:

நான் இருபது ஆண்டுகள் ஓட்டிவிட்டு, இப்போது ஏழு ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருக்கிறேன். தம்பி புதுச்சக்கரம், முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஆறு முறை மடிந்ததில் உங்கள் தவறைவிட எங்களைப் போன்றவர்களின் தவறுதான் அதிகம்.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தன்னியல்பாகவே நிலைகொள்ளாத ஓர் இயக்கம். முன்னோக்கி இழுக்கும்போது டிரெய்லர் தானே நேராகிவிடும். பின்னோக்கித் தள்ளும்போது, சிறிய கோணம் ஒன்று உண்டானால் அது தானே வளர்ந்துகொண்டே போகும். ஆகவே கோணத்தை உண்டாக்கியதும் உடனே ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பி, இழுவை வண்டியை, அதாவது ஓட்டுநர் அமரும் முன்பகுதியை, டிரெய்லரின் பின்னாலேயே நடத்திக்கொண்டு போக வேண்டும். குட்டையான டிரெய்லர் விரைவாக மடியும், நீளமானது மெதுவாக மடியும். மடிந்துவிட்டால் ரிவர்ஸிலேயே சரிசெய்யப் பார்க்காமல் முன்னோக்கி இழுத்து நேராக்கிக்கொள்வதில் எந்த இழிவும் இல்லை. நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

இதில் பயிற்றுநரின் குரல் எங்கே தடையாகிறது என்பதற்கு ஆய்வுலகில் ஒரு விளக்கம் உண்டு. உடல்திறன்களைக் கற்பது குறித்து அதுவரை நடந்த ஆய்வுகளை சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகிய மூவரும் 1984-இல் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் விளைவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது திறன் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் அந்தத் துணை விலகியதும் திறன் சரிந்துவிடும் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. கற்பவர் தன் கண்ணும் உடலும் சொல்லும் செய்தியைக் கவனிப்பதை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வரும் செய்தியிலேயே சாய்ந்துகொள்கிறார். அதைப் படித்த நாளில் என்னிடம் பயின்ற பலருடைய முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. முதல் மூன்று ஆண்டுகள் நான் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். அதை நல்ல பயிற்சி என்றும் நம்பினேன்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். முதல் சில நாட்களில் எல்லாவற்றையும் சொல்வேன். பிறகு, கோணம் பிழையாகும் இடத்தில் மட்டும் “என்ன பார்க்கிறீர்கள்?” என்று கேட்பேன். அதன்பின் வண்டி நின்ற பிறகு மட்டுமே பேசுவேன். கடைசியாக இறங்கிப்போய் நிற்பேன். உங்கள் பயிற்றுநர் முதல் படியிலிருந்து நேராகக் கடைசிப் படிக்குப் போய்விட்டார் என்று நினைக்கிறேன். இதை அவரிடமே மரியாதையோடு சொல்லுங்கள். பொறுமையானவர் என்று நீங்களே எழுதியிருப்பதால் நிச்சயம் கேட்டுக்கொள்வார்.


பின்கண்ணாடி எழுதியது:

நானும் பயிற்றுநர்தான். மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். யார்டுக்குள் அவர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் “குறைவாகப் பேசுங்கள்” என்பதைப் பொதுவிதியாக யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

யார்டில் பிழை நேர்ந்தால் டிரெய்லர் மடியும், அவ்வளவுதான். மலைச்சரிவில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள இடமிருக்காது. ஒரு கணக்கைச் சொல்கிறேன். 40 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1 கோடி ஜூல். அதே வண்டி ஒரே சீரான வேகத்தில் 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 4 கோடி ஜூல். அதாவது, 100 மீட்டர் இறக்கம் என்பது 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நான்கு முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். உருளும்போது டயரும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதி முழுவதையும் கால் பிரேக்கிடம் ஒப்படைத்தால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரிந்து, அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகிப்போகும். லைனிங்கின் உராய்வும் குறையும். மிதிக்க மிதிக்க பிடிப்பு குறைந்துகொண்டே போவதை ஒருமுறை உணர்ந்தவர்கள் அதை வாழ்நாளில் மறக்கமாட்டார்கள்.

என்னிடம் பயின்ற ஒருவர், சரிவின் உச்சியைத் தாண்டும்வரை கியரைக் குறைக்கவில்லை. நான் “அவரே கண்டுபிடிக்கட்டும்” என்று காத்திருக்கவில்லை. “இப்போதே கியரைக் குறையுங்கள், எஞ்சின் பிரேக்கைப் போடுங்கள்” என்று உரத்த குரலில் சொன்னேன். (எஞ்சின் பிரேக் என்பது எஞ்சினின் எதிர்ப்பாலேயே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது.) அன்று மாலை அவர் வருத்தப்பட்டார். அதற்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் சொன்னதற்காகக் கேட்கவில்லை, சொன்ன தொனிக்காகக் கேட்டேன்.


இருபதாண்டுப்பாதை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு சிறு சேர்க்கை மட்டும். சரிவில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சரிவுக்கு முன்பே, வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசிவிட வேண்டும் என்பது என் வழக்கம். எந்த கியரில் இறங்கப்போகிறீர்கள், எந்த வேகத்துக்கு மேல் போகவிடமாட்டீர்கள், எஞ்சின் பிரேக் போதாமல் போனால் கால் பிரேக்கை எப்படி அழுத்திப் பின் விடுவீர்கள் என்று பயிலுநரே என்னிடம் சொல்ல வேண்டும். தானியங்கி கியர் உள்ள வண்டிகளில் இது இன்னும் முக்கியமாகிறது, ஏனெனில் கியரைக் கையால் நிலைநிறுத்திவைக்கும் வசதி இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். முன்கூட்டியே பேசிவிட்டால், சரிவில் நம் குரல் தேவைப்படும் தருணங்கள் மிகவும் குறையும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலி டிரெய்லரோடு ஈரச்சாலையில் எஞ்சின் பிரேக்கைக் கடுமையாகப் பயன்படுத்தினால் இழுவை வண்டியின் இயக்கு சக்கரங்கள் மட்டும் பிடிக்கப்பட்டு வழுக்கும். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டியையே மடித்துவிடக்கூடும். உலர்ந்த சரிவில் கற்ற பாடத்தை ஈரச்சாலையில் அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதைப் பயிலுநர் தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பது தவறு. நீங்கள் அஞ்சுவது இதைத்தான் என்று புரிந்துகொள்கிறேன்.


பின்கண்ணாடி எழுதியது:

ஆம் ஐயா, அதையேதான். நன்றி.


நெடுஞ்சாலைநிலா எழுதியது:

இந்த இழையில் இதுவரை ஓட்டுவதைப் பற்றியே பேசியிருக்கிறோம். என் அனுபவம் ஓட்டத் தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

நான் முதலில் பயின்ற இடத்தில், டிரெய்லரை இணைக்கும் பாடம் வந்தபோது பயிற்றுநர், “இது கனமான வேலை, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்” என்று சொல்லிவிட்டுத் தானே எல்லாவற்றையும் செய்தார். நல்லெண்ணத்தோடுதான் செய்தார். நான் கடினமாக ரிவர்ஸ் எடுக்கும் நேரங்களிலும் அவரே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து முடித்துக்கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து எனக்கு இணைக்கவும் தெரியவில்லை, பிரிக்கவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் இல்லை. அந்த இடத்தை விட்டு விலகினேன்.

இரண்டாவது இடத்தில் கிடைத்த பயிற்றுநர் முதல் நாள் முழுவதும் வண்டியை நகர்த்தவே இல்லை. இருக்கையின் உயரம், ஸ்டியரிங்கின் தூரம், ஒவ்வொரு கண்ணாடியின் கோணம் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் சரிசெய்யச் சொன்னார். பிறகு அவர் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார். எந்த இடத்தில் அவர் என் பார்வையிலிருந்து மறைகிறார், எங்கே மீண்டும் தெரிகிறார் என்று நான் சொல்ல வேண்டும். முன்பக்கம் வண்டியை ஒட்டி நின்றபோதும், எதிர்ப்பக்கக் கதவுக்குக் கீழே நின்றபோதும் ஒரு முழு மனிதர் அப்படியே காணாமல் போனதைக் கண்டு எனக்கு உடல் சிலிர்த்தது. அந்த இடங்களில் ஒரு குழந்தையோ சைக்கிளில் வருபவரோ நிற்கக்கூடும் என்ற எண்ணம், இன்று நான் வண்டியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது.

இணைப்பதைப் பொறுத்தவரை, அது வலிமையைவிட வரிசையைச் சார்ந்தது என்று அவர்தான் காட்டினார். டிரெய்லரின் உயரம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, மெதுவாகப் பின்னால் போய், டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் என்ற முளை இழுவை வண்டியின் பூட்டுக்குள் விழும் ஒலியைக் கேட்பது, தாங்குகால்கள் தரையில் இருக்கும்போதே வண்டியை முன்னால் மென்மையாக இழுத்துப் பார்ப்பது, பிறகு இறங்கி டார்ச் விளக்கோடு பூட்டைக் கண்ணால் பார்ப்பது, காற்றுக் குழாய்களையும் மின்இணைப்பையும் மாட்டுவது, கடைசியாகத் தாங்குகால்களை ஏற்றுவது. பூட்டைத் திறக்கும் கைப்பிடி இறுகியிருந்தால் தோளால் இழுக்காமல், ஒரு காலைப் பின்வைத்து உடலின் எடையைச் சாய்க்க வேண்டும். அவர் ஒருமுறை செய்துகாட்டினார். அடுத்த இருபது முறையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் எவ்வளவு நேரம் எடுத்தாலும் அந்தக் கைகள் முன்னால் வரவில்லை. எனக்கு அவர் தந்த பெரிய உதவி அதுதான் என்று உளமாரச் சொல்வேன்.


அச்சாணி எழுதியது:

பணிமனையில் வேலை செய்துவிட்டு ஓட்டுநர் பயிற்சிக்கு வந்தவன் நான். ஆகவே காலைச் சோதனை எனக்கு எளிது என்று எண்ணியிருந்தேன்.

எங்கள் பயிற்றுநர் தினமும் நான் வருவதற்கு முன் வண்டியில் ஒரு குறையை வைத்துவிடுவார். ஒருநாள் பின்விளக்கின் இணைப்பு கழன்றிருக்கும், ஒருநாள் சரக்குப் பட்டை தளர்ந்திருக்கும், ஒருநாள் இரட்டைச் சக்கரத்தின் இரு டயர்களுக்கு இடையே கல் சிக்கியிருக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் வண்டியை எடுக்கலாம். இரண்டு வாரத்தில் நான் மிகவும் தேர்ந்துவிட்டேன். குறையைக் கண்டுபிடித்ததும் சோதனையை நிறுத்திவிடுவேன். அவர் அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் எதையும் வைக்கவில்லை. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, முதல்முறையாக ஒவ்வொரு சக்கர நட்டையும் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் டிரெய்லரின் நடு அச்சில் ஒரு நட்டைச் சுற்றித் துருநிறத்தில் மெல்லிய கோடு வழிந்திருப்பதைக் கண்டேன். நட்டு தளர்ந்து உராயத் தொடங்கியதன் அடையாளம் அது. “நீங்கள் வைத்ததா?” என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இல்லை” என்றார். அன்று அந்த வண்டி வெளியே போகவில்லை.

இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் காற்றிழந்தால், வெளிப்பக்க டயர் எடையைத் தாங்கிக்கொள்வதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கட்டையால் தட்டினால் ஒலி மாறுபடும். எவ்வளவு காற்றிருக்கிறது என்பதற்கு அளவுமானிதான் சான்று. பணிமனையில் பல ஆண்டுகள் இருந்தும், குறை இருப்பது தெரிந்து வரும் வண்டியைத்தான் நான் பார்த்துப் பழகியிருந்தேன். குறை இருக்கிறதா என்றே தெரியாத வண்டியைப் பார்ப்பதற்கு வேறொரு கண் வேண்டியிருந்தது.


வரைபடம் எழுதியது:

இதை எழுதலாமா என்று இரண்டு நாட்களாகத் தயங்கினேன். எனக்குச் சிறுவயதிலிருந்தே வாசிப்பதில் சிக்கல் உண்டு. எழுத்துகள் இடம்மாறித் தெரியும். இந்தப் பதிவைக்கூடச் சொல்லச்சொல்ல என் தங்கைதான் தட்டச்சு செய்கிறாள். வண்டி ஓட்டுவதில் எனக்கு அச்சமே இருந்ததில்லை. எழுத்துத்தேர்வை நினைத்தால் மட்டும் தூக்கம் வராது. முதல்முறை தோற்றபோது பயிற்சியையே விட்டுவிட நினைத்தேன்.

என் பயிற்றுநரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, என்னை வண்டிக்குக் கூட்டிப்போனார். ஒவ்வோர் அச்சின் மேலும் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதைச் சொல்லும் ‘அச்சு எடை’ என்ற பாடம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் ஏறவில்லை. அவர் ஒரு நீளமான பலகையை எடுத்து, ஒரு முனைக்கு அடியில் ஓர் எடைத்தராசையும், மறுமுனையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இன்னொரு தராசையும் வைத்தார். முதல் தராசு முன்அச்சு, இரண்டாவது பின்அச்சு. பலகையின் மேல் செங்கற்களை வரிசையாக அடுக்கினார். பிறகு, பின்அச்சைத் தாண்டி நீண்டிருந்த பகுதியில் இருந்த செங்கற்களை எடுத்துவிட்டு, “மொத்த எடை குறைந்ததா, கூடியதா?” என்று கேட்டார். குறைந்தது. “முன்தராசைப் பாருங்கள்” என்றார். அதில் எடை கூடியிருந்தது.

ஓரிடத்தில் பின்பக்கச் சரக்கை மட்டும் இறக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும்போது, மொத்த எடை அனுமதிக்குள் இருந்தாலும் முன்அச்சு மட்டும் தன் எல்லையைத் தாண்டிவிடலாம். படித்தபோது புரியாத அந்த ஒரு வரி, செங்கற்களால் ஐந்து நிமிடத்தில் புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு பாடத்தையும் அவர் ஒரு படமாக வரைவார், நான் அதே படத்தை மறுநாள் நினைவிலிருந்து வரைய வேண்டும். கேள்விகளை அவர் வாசித்துக் குரல்பதிவாக அனுப்பியதை இரவில் கேட்பேன். இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றேன். எனக்குக் குறைவான பாடத்தை அவர் கற்றுத்தரவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மற்றவர்கள் படித்த அதே பாடத்தை வேறு வாசல் வழியாகத் தந்தார்.


நெடுஞ்சாலைநிலா எழுதியது:

தயங்காமல் எழுதியதற்கு நன்றி. அந்தச் செங்கல் சோதனையை நாளையே செய்துபார்க்கப்போகிறேன்.


மாறும்குரல் எழுதியது:

உங்களுக்கெல்லாம் ஒரே பயிற்றுநர் கிடைத்திருக்கிறார். எனக்கு ஏறக்குறைய வாரத்துக்கு ஒருவர். ஒருவர், வேகத்தைப் பிரேக்கால் குறைத்துவிட்டு ஒரேயடியாகத் தேவையான கியருக்கு வரச் சொல்கிறார். இன்னொருவர் ஒவ்வொரு கியராக இறங்கச் சொல்கிறார். ஒருவர் கற்றுத்தந்ததை அடுத்தவர் முன்னால் செய்தால் “யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்கிறார். நான் யாரையும் காட்டிக்கொடுக்க விரும்பாமல் தலைகுனிந்து நிற்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலிலிருந்து தொடங்குவதுபோல் இருக்கிறது. மற்றவர்கள் என்ன செய்தீர்கள்?


இருபதாண்டுப்பாதை எழுதியது:

இது உங்கள் குற்றமே இல்லை, தலைகுனியவும் வேண்டாம். பயிற்சி நடத்துவோர் தீர்க்க வேண்டிய சிக்கல் இது. ஆனால் அவர்கள் தீர்க்கும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது என்பதால், செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முடிந்ததும், அன்று என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் தடுமாறினீர்கள், அடுத்து எதைப் பயில வேண்டும் என்று எழுதி, அன்றைய பயிற்றுநரிடம் ஒரே ஒரு வரி எழுதித்தரும்படி கேளுங்கள். மறுவாரம் புதியவர் வரும்போது வாயால் விளக்காமல் அந்தப் பக்கத்தை நீட்டுங்கள். இரு முறைகள் முரண்பட்டால், “இந்த இரண்டில் எது எந்தச் சூழலுக்கு?” என்று கேளுங்கள். “யார் சொன்னது சரி?” என்று கேட்டால் அவர் தன் தொழிலைக் காக்கத் தொடங்கிவிடுவார், சூழலைக் கேட்டால் யோசிக்கத் தொடங்குவார். நீங்கள் குறிப்பிட்ட கியர் விஷயத்திலேயே இரண்டுக்கும் இடமுண்டு. சமதரையில் சந்திப்பை நெருங்கும்போது பிரேக்கால் வேகத்தைக் குறைத்து நேராகத் தேவையான கியருக்கு வருவது போதும். நீண்ட சரிவில் கியர் முன்கூட்டியே குறைந்திருக்க வேண்டும்.

1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர், மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்டும் சிறு குழந்தைகளுக்கு ஒரு பயிற்றுநர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்து, அந்த உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். அந்த உவமை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வாரத்துக்கு ஒருவர் வந்து, முன்னவர் கட்டிய சாரத்தைப் பிரித்துவிட்டுத் தன் சாரத்தைக் கட்டினால் கட்டடம் எப்போது எழும்பும்? உங்கள் நோட்டுப் புத்தகத்தால் குறைந்தது எது வரை எழும்பியிருக்கிறது என்பதாவது அடுத்தவருக்குத் தெரியும்.


இரவுப்பயணி எழுதியது:

உரிமம் கையில் வந்த நாளோடு பயிற்றுநரின் துணை முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது மிகவும் தேவைப்பட்டது அதற்குப் பிந்தைய ஆறு வாரங்களில்தான். என் பயிற்றுநர் தன் எண்ணைத் தந்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைபிரேக்கைப் போட்ட பிறகுதான் அழைக்க வேண்டும்.

நான்கு முறை அழைத்தேன். அதில் ஒன்று அதிகாலை மூன்று மணிக்கு. கண் எரிந்தது, ஆனால் தூக்கம் வரவில்லை என்றே நம்பினேன்; கடந்த இரண்டு சந்திப்புகளைக் கடந்ததாக நினைவே இல்லை என்பதுதான் என்னை அச்சுறுத்தியது. அவர் தூக்கக் கலக்கத்தோடு எடுத்து, “எங்கே நிற்கிறீர்கள், பாதுகாப்பான இடமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “தூங்குங்கள். காலையில் நிறுவனத்தோடு நான் பேசுகிறேன்” என்றார். அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை உடலின் விழிப்பு தாழ்ந்திருக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண்ணயர்ந்தால் வண்டி ஏறத்தாழ 89 மீட்டர் ஓட்டுநரின்றிப் போயிருக்கும் என்ற கணக்கும் தெரியும். தெரிந்தும், சரக்கு தாமதமாகிவிடுமே என்ற கவலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பின் யாரையும் கேட்காமலே நிறுத்தக் கற்றுக்கொண்டேன்.


புதுச்சக்கரம் எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

இந்த இழையை என் பயிற்றுநரிடம் காட்டினேன். அவர் முழுவதையும் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை” என்றார். அன்றே முறையை மாற்றினோம். முதலில் நான் வெளியே நின்றுகொள்ள, அவர் ரிவர்ஸ் எடுத்தார்; எந்த நொடியில் அவர் மறுபக்கம் ஒடிக்கிறார் என்று நான் கை உயர்த்திக் காட்ட வேண்டும். முதல் ஐந்து முறையும் நான் தாமதமாகவே கை உயர்த்தினேன். கோணம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த பிறகு திருத்தத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்பதை என் கையே எனக்குக் காட்டிக்கொடுத்தது. பிறகு நான் ஓட்ட, அவர் அருகில் அமர்ந்து பேசாமல் இருந்தார், நான்தான் பேசினேன். இரண்டாம் வாரம் அவர் இறங்கி நின்றார். அவரிடம் ஒரே ஒரு சைகை மட்டும்: இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

முதல் நாள் ஆறில் இரண்டு. அடுத்த நாளும் இரண்டுதான், அதில் ஒருமுறை நானே நிறுத்தி, இறங்கிப்போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை ஆறில் ஐந்து. தவறிய ஒன்றில் மேடையின் ரப்பர்த் தடுப்பில் டிரெய்லரின் மூலை உரசியது. அதற்கு முன்பே அவர் கைகளைக் குறுக்காகப் பிடித்திருந்தார், நான் எதிர்ப்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. எது தவறியது என்று அவர் கேட்பதற்கு முன் நானே சொன்னேன்.

நாளை முதல் எதிர்ப்பக்கமாக, அதாவது டிரெய்லர் மடியும்போது என் பக்கக் கண்ணாடியில் எதுவும் தெரியாத பக்கமாக ரிவர்ஸ் எடுக்கும் பயிற்சி தொடங்குகிறது. அதில் எத்தனை முறை இறங்கிப் பார்ப்பது என்ற கணக்கை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.


இருபதாண்டுப்பாதை எழுதியது:

கணக்கே வேண்டாம் தம்பி. பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒவ்வொரு முறையும் இறங்குங்கள். இறங்குவதற்கு முன் கைபிரேக்கைப் போட மறக்காதீர்கள்.